கடலும் மணலும் தவிர என்ன இருக்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கம் இருக்கிறீர்கள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, வரையப் பிடிக்கும். புத்தகங்களுக்குப் படம் போடுகிறவர்களுக்குக் கற்பனை எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறீர்கள். படங்கள் குவிந்து கிடக்கும் பின்டரெஸ்ட் தளத்தைத் திறந்து வைத்தால் கை ஓடுகிறது, மூடிவிட்டால் ஓடமாட்டேன் என்கிறது. "இங்கே கடலும் மணலும் தவிர என்ன இருக்கிறது, சென்னைக்குப் போனால்தான் சரிவருமா?" என்று முடித்திருக்கிறீர்கள். இரண்டு மூன்று தடவை படித்த பிறகு எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். உங்களுக்குக் கை நன்றாகவே வருகிறது. வரைகிறதெல்லாம் ஏற்கெனவே எங்கேயோ பார்த்த படம் மாதிரி இருக்கிறதே என்பதுதான் உங்கள் கவலை. அது நல்ல கவலை. 19 வருஷமாகப் படம் போட்டுப் பிழைக்கிற எனக்கும் அது இன்னும் போகவில்லை.

உச்சிப்புளிப் பக்கம் இருந்துகொண்டு சிறுவர் புத்தகங்களுக்கும் பத்திரிகைக் கதைகளுக்கும் படம் போடுகிறேன். யாரோ எழுதிய ஒன்றுக்குப் படம் போடுவது எனக்குத் தெரியும். கண்காட்சியில் வைக்கும் ஓவியம், அனிமேஷன் ஆகியவற்றின் பாதை வேறு. அங்கே இருப்பவர்கள் நான் சொல்வதில் பாதியை மறுக்கலாம்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். கதை கைக்கு வந்ததும் பென்சிலை எடுக்காமல் ஒரு தடவை படிப்பேன். இரண்டாவது தடவை படிக்கும்போது, எழுதினவர் சொல்லாமல் விட்ட இடங்களில் ஓரத்தில் ஒரு கோடு. "அவள் அழுதாள்" என்று எழுத்து சொல்லிவிட்டால், அழுகிற முகத்தை நான் மறுபடி வரைந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அவள் எங்கே உட்கார்ந்து அழுதாள், கையில் என்ன இருந்தது, அடுப்பில் உலை வைத்திருந்ததா என்பது என் பங்கு. அப்புறம் ஒரு ஏ4 தாளில் தீப்பெட்டி அளவுக் கட்டங்கள் போட்டு, அவற்றுக்குள் சின்னச் சின்னப் படங்களாகக் கிறுக்குவேன். தொழிலில் தம்ப்நெயில் என்போம். ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து கூடப் போகும். முதல் ஐந்தாறை எப்போதும் அடித்துவிடுவேன், ஏனென்றால் அவை எனக்குச் சொந்தமில்லை. கையில் ஏற்கெனவே படிந்து கிடப்பவைதான் முதலில் வெளியே வரும்: சூரியன் மறைகிறது, கறுப்பு நிழலாக ஒரு மீனவர், தலைக்கு மேல் விரிந்த வலை. கூகுளில் "மீனவர்" என்று தேடிப் பாருங்கள், அதே படம் திரும்பத் திரும்ப வரும். பத்தாவது கட்டத்தைத் தாண்டும்போது கை சலித்துப்போகும். தெரிந்தது தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். உங்களுக்கு வெள்ளைத்தாள் வெள்ளைத்தாளாகவே இருக்கிறதே, அது பெரும்பாலும் இந்த இடமாகத்தான் இருக்கும். நீங்கள் அதைக் கற்பனை வற்றிவிட்டது என்று நினைக்கிறீர்கள். விஷயம் போதவில்லை என்று நான் எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

ஒரு புத்தகத்தை வைத்துச் சொல்கிறேன். ஆறேழு வருஷம் முன்பு, பாசி எடுக்கப் போகும் ஒரு அம்மாவைப் பற்றிய சிறுவர் கதை வந்தது. எங்கள் கரையில் பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் கடலில் முங்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று அவர்கள் சொல்லும் பாசிகளைப் பறித்து வருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கதையில் ஒரு வரி: "அம்மா கடலில் குதித்தாள்." நான் வீட்டில் உட்கார்ந்தே நீல நீர், பவளப்பாறை, வண்ண மீன்கள், நடுவில் கூந்தல் விரிய மிதக்கும் பெண் என்று அழகாக ஒரு ரஃப் போட்டேன். பதிப்பகத்தில் உடனே பிடித்துவிட்டது. எனக்கு மட்டும் அதில் ஏதோ இடித்தது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

விடிவதற்கு முன்னால் கரைக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையை இறுக்கிக் கட்டிய துணி, நெற்றிக்கு ஏற்றிவிட்ட தண்ணீர்க் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. கூந்தல் விரிய யாரும் இல்லை. ஒவ்வொருவரும் பழைய சேலையிலிருந்து கிழித்த நாடாவை விரல் விரலாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பாறையும் பாசியின் அடியும் விரலை அறுத்துவிடும், அதற்காக. இடது கைக்கு வலது கை உதவும். வலது கை விரல்களுக்கு வரும்போது இடது கை ஏற்கெனவே கட்டுப்போட்டு மொத்தையாக இருப்பதால் முடிச்சு விழாது. அப்போது நாடாவின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து இழுக்கிறார்கள். பேச்சு நிற்கவில்லை. பல்லில் துணியை வைத்துக்கொண்டே ஒருவர் மகளின் பள்ளிக்கூட ஃபீஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் கழுத்துச் சாய்வு போதும். அரை மணி நேரத்தில் பதினோரு கோட்டுப்படம் போட்டேன், அத்தனையும் அதே சாய்வுதான். கேட்டுவிட்டுத்தான் போட்டேன். கேட்காமல் முன்னால் உட்கார்ந்து வரைவது, கேட்காமல் போட்டோ எடுப்பது போலத்தான்.

கடைசியில் குதிக்கிற படத்தைச் சின்னதாக்கி உள்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, விரலில் துணி சுற்றும் அம்மாவை அட்டைக்கு வைத்தோம். அட்டையில் கடலே இல்லை. புத்தகம் வந்த பிறகு அதே கரைக்கு ஒரு பிரதி கொண்டுபோனேன். ஒரு அக்கா அட்டையைப் பார்த்துவிட்டு, தன் கையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். "கட்டை விரலுக்கு ரெண்டு சுத்து கூடப் போடணும்" என்றார். அடுத்த பதிப்பில் அதையும் திருத்தினேன்.

இப்படித் திருத்துகிற ஆட்கள்தான் எனக்கு ஊற்று. கற்பனை எங்கிருந்து என்று நீங்கள் கேட்டதற்கு, இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த உறுதியான பதில் அதுதான். ஒரு பொருளைக் கையால் அறிந்தவர் என் படத்தைப் பார்த்து "இது இப்படி இருக்காது" என்று சொல்லும் இடத்தில் அடுத்த படம் பிறக்கிறது. இதில் மிகப் பெரிய பாடம் எனக்குப் பாம்பன் தெற்குவாடியில் நடந்தது. தொழிலுக்கு வந்த மூன்றாவது வருஷம். அச்சாகி வந்த ஒரு புத்தகத்தைப் பெருமையாகக் கொண்டுபோய் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். பாய் கட்டின வல்லம் (மீன்பிடிப் படகு) ஒன்று, உச்சியில் சின்னதாக ஒரு கொடி. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "என்னப்பா, கொடி மேக்க பறக்குது, பாய் கெழக்க புடைக்குது. ரெண்டு காத்தா அடிக்குது?" என்றார். அச்சான புத்தகத்தில் ஒன்றும் செய்ய முடியாது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள் அவரிடமே போய் உட்கார்ந்தேன். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுகளைச் சொல்லிக்கொடுத்தார். வாடை வடக்கே இருந்து, கொண்டல் கிழக்கே, கச்சான் மேற்கே, சோழகம் தெற்கே. பெயர் தெரிந்தது ஒரு நாளில். அதைப் படத்தில் எப்படிக் காட்டுவது என்று பிடிபட இரண்டு வருஷம் ஆனது. காற்றை யாரும் வரைய முடியாது, அது தொட்டதைத்தான் வரைய முடியும். வாடை நாட்களில் கரையில் தலைக்குத் துண்டு கட்டாத ஆளைப் பார்க்க முடியாது, படகுகள் எந்தப் பக்கம் ஒதுக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதே மாறிவிடும். கச்சான் அடிக்கும்போது தனுஷ்கோடிச் சாலையில் மணல் பாம்பு மாதிரி நெளிந்து குறுக்கே ஓடும். காற்றே இல்லாத நாளிலும் உடைமரங்களைப் பாருங்கள், கடலோர மரம் ஒவ்வொன்றும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, வருஷம் முழுக்க எந்தக் காற்று அதிகம் அடிக்கிறது என்பதைக் காட்டிக்கொண்டு நிற்கும். இதெல்லாம் தெரிந்த பிறகு நான் எந்தக் கடற்கரைக் காட்சியையும் தாளின் மூலையில் ஒரு அம்புக்குறி போட்டுத்தான் தொடங்குகிறேன். அன்றைய காற்று அது. கொடி, பாய், சேலைத் தலைப்பு, அடுப்புப் புகை, பனை ஓலை எல்லாம் அந்த அம்புக்குக் கட்டுப்படும். ஆச்சரியம் என்னவென்றால், அம்பைப் போட்டவுடன் படம் தானே யோசனை சொல்ல ஆரம்பிக்கிறது. புகை இந்தப் பக்கம் போகிறதென்றால் பாட்டி அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருப்பாள். பாட்டி நகர்ந்தால் பேரன் எங்கே இருப்பான்? இப்படி ஒன்று ஒன்றாக வரும்.

"கடலும் மணலும் தவிர" என்கிறீர்கள். பாம்பன் ரோட்டுப் பாலத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். நம்மூரில் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வது வழக்கம். வடக்கே பாக் விரிகுடாவில் ஆழம் மிகக் குறைவு, ஆழமான இடத்திலேயே 13 மீட்டர் அளவுதான். அடிச்சேறு கலங்கிவிட்டால் நீர் பச்சையும் சாம்பலுமாக இருக்கும். தெற்கே மன்னார் வளைகுடா, போகப்போக ஆயிரம் மீட்டரைத் தாண்டும் ஆழம். நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடுவதால் ஆழம் கூடக் கூட நீலம் கெட்டிப்படும். ஆழமில்லாத வெள்ளை மணல் திட்டில் ஒளி அடியில் பட்டுத் திரும்புவதால், அந்த வெளிறிய பச்சைநீலம் வருகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வடகடல் சீறும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அப்படியே மாறும். ஒரே பாலத்தில் நின்று, ஒரே நிமிஷத்தில், இரண்டு வேறு தட்டில் நீலம் கலக்க வேண்டியிருக்கும். நான் ஒரு வருஷம், மாதம் ஒரு நாள், அதே இடத்தில் நின்று இரண்டு கடலுக்கும் ஒவ்வொரு விரலகல வண்ணப்பட்டை மட்டும் பூசிக்கொண்டு வந்தேன். இருபத்து நாலு பட்டைகள். இரண்டு பட்டைகூட ஒன்றுபோல இல்லை. இன்றைக்கும் கடல் வருகிற கதை வந்தால் அந்தத் தாளைத்தான் முதலில் எடுக்கிறேன்.

பாலத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். தேடிப் பார்க்காமல் வரைந்தால் காலம் காலை வாரிவிடும். பழைய ரயில் பாலம் 1914-ல் திறந்தது. கப்பலுக்கு அது இரண்டு கைகளைத் தூக்குவது போல இரு பக்கமும் விரிந்து வழிவிடும். 2025-ல் திறந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். ரோட்டுப் பாலம் வந்தது 1988-ல். ஆக, 1980-ல் நடக்கிற கதைக்கு ரயிலுக்குப் பக்கத்தில் பஸ் ஓடுகிற மாதிரி வரைந்தால் அது தவறு. உங்கள் தாத்தாவோ பாட்டியோ பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. கற்பனையைப் பற்றி எல்லோரும் எல்லாமும் சொல்வார்கள். ஓவியர்கள் வலது மூளைக்காரர்கள் என்பதை நம்ப வேண்டாம். 2013-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளை ஸ்கேன்களை வைத்து அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம் மொத்தமாக ஓங்கி நிற்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நடந்தால் யோசனை வரும் என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. 2014-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இருவர் செய்த சோதனைகளில், உட்கார்ந்திருந்தவர்களைவிட நடந்தவர்களுக்கு அதிக யோசனைகள் வந்தன. வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் வந்தன. ஆனால் ஒரே ஒரு சரியான விடையைக் கண்டுபிடிக்க வேண்டிய கேள்விகளில் நடை கைகொடுக்கவில்லை. என் அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது. கரையில் நடக்கும்போது பத்து யோசனை வரும், அதில் எது தேறும் என்று மேசையில் உட்கார்ந்துதான் பார்க்க முடியும். விடியற்காலையில்தான் கற்பனை பொங்கும், ராத்திரியில்தான் பொங்கும் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறுகிற பழக்கம். நான் விடியலில் வேலை செய்வது ஒளிக்காக, மத்தியானம் நம்ம மணலில் கண்ணைத் திறக்க முடியாது, நிழலும் காலடியில் ஒடுங்கிப்போகும். மனசு வந்தால்தான் வரைவேன் என்று காத்திருந்த மாதங்களில் நான் குறைவாகவும் மோசமாகவும் வரைந்தேன். இது என் ஒருவனின் கணக்கு, அதை உங்களுக்கு விதியாக்க மாட்டேன்.

பின்டரெஸ்ட் பார்த்து வரைவது தப்பா என்றால், பயிற்சிக்குத் தப்பில்லை. நகல் எடுத்துத்தான் எல்லோரும் கற்றோம். நம் நாட்டில் ஓவியத்துக்கான காப்புரிமை, வரைந்தவரின் வாழ்நாளும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும். அதுவரை அவர் படத்தைப் பார்த்து வரைந்ததை உங்கள் படம் என்று விற்கவோ அச்சிடவோ கூடாது. அதைத் தாண்டிய சட்ட நுணுக்கத்துக்கு வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும். எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம், நகல் எடுக்க நம்ம ஊரிலேயே இருப்பதை விட்டுவிட்டுப் போன் திரையை நகல் எடுக்கிறோமே என்பது. ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம் இருக்கிறது, போயிருக்கிறீர்களா? பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராமநாதபுரம் மன்னர் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் சுவர் முழுக்க எழுதிய ஓவியங்கள். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், ராமாயணம், பாகவதம், ஐரோப்பியர்களைச் சேதுபதி சந்திப்பது என்று பட்டை பட்டையாகப் போகும். ஒரே ஆள் அடுத்தடுத்த காட்சிகளில் திரும்பத் திரும்ப வருவார், நாம் நடந்துகொண்டே கதையைப் படிக்கலாம். இன்றைக்கு நான் சிறுவர் புத்தகத்தில் பக்கம் பக்கமாகச் செய்கிற வேலையை அவர்கள் சுவரில் செய்து வைத்திருக்கிறார்கள். கல்லூரி நாட்களில் ஒரு நோட்டோடு அங்கே போய், குதிரைகளின் கால்களை மட்டும் ஒரு வாரம் பார்த்து எழுதினேன். கூட்டத்தை எப்படி அடுக்குவது, யாரைப் பெரிதாகக் காட்டுவது என்பதையெல்லாம் அங்கேதான் கற்றேன். ஆனந்த விகடனில் கோயில் சிற்பங்களை வரைந்த சில்பி, சிலைக்கு முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்து வரைந்தவர். அவர் படங்களில் கல்லின் சொரசொரப்பு தெரிவதற்கு அந்த உட்காருதல்தான் காரணம் என்பது என் எண்ணம்.

சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. உப்புக்காற்றில் இரும்பு நிப் ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும், எழுதி முடித்ததும் துடைத்து எண்ணெய் தடவுங்கள். தாளை இறுக்கமாக மூடும் பிஸ்கட் டப்பாவில் வையுங்கள், இல்லையென்றால் மழைக்காலத்தில் பூஞ்சைப் புள்ளி விழும். கரிக்கோலுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. கமுதி, சாயல்குடிப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற சீமைக்கருவேலங்கரி வரைய ரொம்பக் கடினம், தாளைக் கீறிவிடும். மெல்லிய குச்சிகளை ஒரு தகர டப்பாவில் அடுக்கி, மூடியில் சின்ன ஓட்டை போட்டு, அடுப்பில் புகை நிற்கும்வரை வைத்து, ஆறின பிறகு திறந்தால் மிருதுவான கரி கிடைக்கும். சூடாக இருக்கும்போது திறந்தால் எரிந்து சாம்பலாகிவிடும்.

சென்னைக்கு வருவோம். முறையாகப் படிக்க ஆசை இருந்தால் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. உடல் அமைப்பு, அச்சுக்கலை, கூடப் படிக்கிறவர்களின் கண், இவை மூன்றும் அங்கே கிடைக்கும், வீட்டிலிருந்து கிடைப்பது கஷ்டம். அதற்காகப் போங்கள். படத்துக்கு விஷயம் தேடிப் போக வேண்டாம். வேலை கிடைப்பதற்கும் முன்பு மாதிரி அங்கேயே இருக்க வேண்டியதில்லை, என் வேலைகள் எல்லாம் மின்னஞ்சலில்தான் வருகின்றன, போகின்றன. ஆனால் முதல் நாலைந்து வேலைகளுக்கு நேரில் போய் முகத்தைக் காட்டியது எனக்கு உதவியது, அதையும் மறைக்கக் கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையில் ஏற்றி மரம் மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். மற்ற நாளில் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் அடிப்பாகம், சுக்கான், படகைத் தள்ளும் விசிறி எல்லாம் அப்போது கண்ணுக்கு நேரே அசையாமல் நிற்கும். இன்றைக்கு முதலில் ஒரு படகை ஞாபகத்திலிருந்து வரைந்து, தேதி போட்டு வைத்துவிடுங்கள். தடைக்காலம் வந்ததும் மண்டபத்திலோ பாம்பனிலோ ஒரே படகைத் தேர்ந்தெடுத்து, பத்து நாள் அதன் பக்கத்திலேயே உட்காருங்கள். வேலை செய்கிற அண்ணன்களிடம் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் கேட்டு, படத்தின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். முடித்ததும் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் அவர்களிடமே காட்டுங்கள். அவர்கள் என்ன திருத்தினார்கள் என்று இங்கேயே எழுதினால், அதற்கு மேல் பேச என்னிடம் நிறைய இருக்கிறது.